பெட்டிதான் கோளாறு

"ஒரு காலைத் தூக்குன்னா தூக்குது. ஆறு காலும் சேர்த்து எழுந்திருன்னா மட்டும் மயக்கம் போட்டு விழுது. ரோபோவாடி இது? கல்யாண வேலைன்னதும் படுத்துக்கிற உங்க பெரியப்பாவாட்டம் இருக்குது!"

செந்தமிழ்ச்செல்வி ஈரத்துணி வாளியை ‘நங்’கென்று வைத்தாள்.

ஹால் நடுவே சிலந்தி மாதிரி படுத்துக்கிடந்தது ரோபோ. காலுக்கு மூன்று வீதம் பதினெட்டு மோட்டார். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் தனுஷா, அழுகையை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"புரோகிராமை மூணு தடவை மாத்திட்டேம்மா. மோட்டாரை ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்துட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்குது. பதினெட்டும் ஒண்ணா இழுக்கும்போதுதான் கரண்ட்டு பத்தாம அணைஞ்சி அணைஞ்சி எரியுது. ரெண்டு மணிக்கு செலக்‌ஷன். எழுந்து நிக்கலைன்னா ஸ்டேட் போட்டியில இருந்து என் பேரை எடுத்துடுவாங்க."

"கரண்ட்டு குடுக்கறது எது?"

தனுஷா ஓரத்தில் இருந்த பவர் சப்ளை பெட்டியைக் காட்டினாள். போன வாரம் வெள்ளிக்கிழமை ஜாபர் பாயின் எலக்ட்ரிக் கடையில் வாங்கியது. வந்த கையோடு செல்வி சந்தனமும் குங்குமமும் எடுத்து வர, ஓட்டை வழியாக உள்ளே போய்விடும் என்று மகள் கத்த, கடைசியில் பெட்டியின் அடிப்பக்கம் பொட்டு வைத்து சமாதானமானார்கள்.

"அப்ப அதுதான் டூப்ளிகேட். எனக்கு அன்னிக்கே டவுட்டு. அந்த ஆளு ரொம்பத்தான் சிரிச்சான். கெளம்பு."

"சனிக்கிழமைம்மா. கடையில கூட்டமா இருக்கும்."

"இருக்கட்டும். ஆள் இல்லாதப்ப கேட்டா மழுப்புவான். நாலு பேர் முன்னால கேட்டாத்தான் உறைக்கும்."

கூட்டமாகத்தான் இருந்தது. செல்வி வாசற்படியிலேயே ஆரம்பித்தாள்.

"இன்னா பாய், படிக்கிற பொண்ணுன்னா எந்தக் குப்பையை வேணா தலையில கட்டிடலாமா? பத்து நாள்கூட உழைக்கல. இதான் உங்க யாவாரமா?"

ரிஷிவந்தியத்திலிருந்து ஃபேன் ரிப்பேருக்கு வந்தவர் திரும்பிப் பார்த்தார். சார்ஜர் வாங்க நின்ற அம்மாள், கையிலிருந்ததை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஜாபர் ரோபோ, பெட்டி எல்லாவற்றையும் மேசைமேல் வைக்கச் சொல்லி மீட்டரை எடுத்தார்.

"இப்ப எழுப்பு பாப்பா."

ரோபோ நடுங்கியது, விழுந்தது. பெட்டிப் பக்கம் வைத்த மீட்டர் ஆறு வோல்ட்டில் ஆடாமல் நின்றது.

"இன்னொருவாட்டி."

இந்தத் தடவை ரோபோ பக்கம் வைத்தார். நாலுக்கும் கீழே இறங்கியது.

இரண்டுக்கும் நடுவே ஓடிய ஒயரை விரலால் தூக்கிப் பார்த்தார். பழைய சீரியல் லைட்டில் இருந்து வெட்டியது. நூல் மாதிரி இருந்தது.

"பெட்டியோட நான் குடுத்த தடி ஒயர் எங்க பாப்பா?" என்றார், தணிந்த குரலில்.

"அது... அம்மா..." தனுஷா அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அம்மா அப்போது ரிஷிவந்தியத்துக்காரரிடம், "நான் கான்வென்ட்ல படிச்சவ. என்கிட்ட இந்த வேலையெல்லாம் ஆவாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜாபர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பெட்டிதாங்கக்கா கோளாறு. தப்பு என்னுதுதான். மாத்தித் தர்றேன்."

பெட்டியை உள்ளே எடுத்துப் போனார். ஐந்து நிமிஷத்தில் பளிச்சென்று ஒரு பெட்டியோடு வந்தார். சிவப்பும் கறுப்புமாய்த் தடியான ஒயரால் அவரே இணைப்புக் கொடுத்தார்.

ரோபோ ஆறு காலையும் ஊன்றி எழுந்தது. நின்றது. மேசைமேல் நாலடி நடந்தும் காட்டியது.

"பாத்தியாடி? சத்தம் போட்டதும் உண்மை எப்படி வெளிய வருது!" என்றாள் செல்வி.

ரிஷிவந்தியத்துக்காரர் ஃபேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தார்.

சாயந்திரம் தனுஷா செலக்‌ஷன் ஆகி வந்தாள். செல்வி அதற்குள் எதிர்வீட்டுக் கண்ணகியிடம் ஜாபர் கடையின் லட்சணத்தை இரண்டு தடவை சொல்லி முடித்திருந்தாள்.

"இரு, புதுப் பெட்டிக்கும் பொட்டு வெச்சிடுறேன். உள்ள போகாதுடி, அடியிலதான்."

பெட்டியைக் கவிழ்த்தாள்.

அடியில், காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் அவள் வைத்த குங்குமம்.

"இன்னாடி இது? பெட்டிய மாத்தவே இல்லையா?"

"இல்லம்மா. ஒயரைத்தான் மாத்தினாரு. மெல்லிசு ஒயர்ல கரண்ட்டு வர்ற வழியிலயே கம்மியாயிடுது."

"முதல்லயே தடி ஒயர் குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தாரே."

"அப்ப அது எங்க?"

தனுஷா வாசலுக்கு வந்து மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, ‘சும்மா கெடக்குது’ என்று செல்வியே எடுத்து இழுத்துக் கட்டிய சிவப்பு கறுப்பு ஒயர்க் கொடியில், வீட்டுத் துணியெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே வந்து பார்த்த செல்வியின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"அப்புறம் எதுக்குடி அந்த மனுஷன் பெட்டிதான் கோளாறுன்னு ஒத்துக்கினாரு?"

"கடையில உன்னைச் சுத்தி நாலு பேர் இருந்தாங்களேம்மா."