ஒரு வேரின் ஐந்து அட்டைகள்

அரபு அகராதி எழுதும் மக்தூம், ஒரு வேர்ச்சொல்லின் அட்டைகளை நூலால் கட்டுமுன் எல்லாவற்றையும் உரக்க வாசிப்பார். பொருள் விளங்கினால் அடுப்படியிலிருந்து மனைவி ஜுலைகா "ம்" கொட்டுவாள். விளங்காவிட்டால் திருத்தி எழுதுவார்.

அன்றைய வேருக்கு 'அசைவு அடங்குதல்' என்று பொருள். அதிலிருந்து பிறந்த ஐந்து சொற்களுக்கு ஐந்து அட்டைகள்.

"ஸகன. காற்று ஓய்ந்தது."

"ம்."

ஜன்னல் திரை பாதி உப்பியபடியே நின்றுவிட்டது.

"மஸ்கன். குடியிருக்கும் வீடு."

"ம்."

சுவர்க் கடிகாரம் நின்றது.

"மிஸ்கீன். வறுமை முடக்கிப்போட்ட ஏழை."

"ம். ஆமா மச்சான், வாசல்ல ஒரு பக்கீர் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரே, சத்தத்தையே காணோம்?"

மக்தூம் திரையையும் கடிகாரத்தையும் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் ஒரு வேரைப் பாதியில் விட்டு எழுந்த பழக்கம் அவருக்கு இல்லை.

"ஸிக்கீன். கத்தி. அறுபடும் உயிரின் துடிப்பை அடக்குவதால் அந்தப் பெயர்."

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. "ம்" வரவில்லை.

"ஜுலைகா?"

நெஞ்சு திடும்திடுமென்று அடித்தது. எழப்போனவரின் கண் கையிலிருந்த கடைசி அட்டையில் விழுந்தது. பழகிய வாய் வாசித்துவிட்டது.

"ஸகீனா. நெஞ்சில் இறங்கும் அமைதி."

படபடப்பு அடங்கியது. மக்தூம் ஐந்து அட்டைகளையும் தட்டி அடுக்கி, நிதானமாக நூல் சுற்றினார்.