மருந்து விழுமுன்

சீனியம்மாள் தெருக் கிணற்றடிக்கு ஓடிவந்து, புஷ்பம் நிரப்பி வைத்திருந்த குடத்தை எட்டி உதைத்தாள். தண்ணீர் சேற்றில் ஓடியது.

"பேய் புடிச்சிருச்சா மதினி உனக்கு?" என்று கத்தினாள் புஷ்பம்.

ஊரில் வாந்திபேதி. முனிசிபாலிட்டி சுகாதார ஆள் மருந்துப் பையோடு தெருமுனைக்கு வந்துவிட்டார். மருந்து விழுந்தால் கிணறே ஊதாவாகிக் கசக்கும் என்று, அதற்குள் தெளிந்த தண்ணீரை இறைத்துவிடப் பெண்கள் முண்டியடித்தார்கள்.

"இறைக்காதீங்கடி! மருந்து விழட்டும்!" சீனியம்மாள் வாளிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள்.

"ஆமா, இவ பெரிய டாக்டரம்மா! அந்தக் கலர்த் தண்ணியில நீயே சோறு பொங்கு" என்றாள் ஒருத்தி. கிணற்றடியே சிரித்தது.

புஷ்பம் மறுபடி இறைத்து, இடுப்பிலிருந்த மகளுக்கு உள்ளங்கையில் ஏந்திப் புகட்டப் போனாள்.

சீனியம்மாள் வாயைத் திறந்தாள். சொன்னால் வண்டி வந்து தன் புருஷனை ஊருக்கு வெளியே இருக்கும் வாந்திபேதிக் கொட்டகைக்கு ஏற்றிப்போகும். அங்கே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

குழந்தை மடமடவென்று குடித்தது.

விடியலில் யாரும் எழுமுன், பேதியில் நனைந்த புருஷன் வேட்டியைச் சீனியம்மாள் அலசியது இந்தக் கிணற்று மேடையில்தான். அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே வழிந்ததை நின்று பார்த்தவளும் அவள்தான்.