முயல் சொன்னது தப்பா?

"ஒண்ணாப்புப் புள்ளைகளுக்குத் தத்துவமா? இன்னிக்கோட இந்தக் கூத்த முடிச்சுப்புடுறேன்."

தாளாளர் முத்துப்பாண்டி சட்டைக் கையை ஏற்றி விட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். திருநகரில் அவருடைய பள்ளிக்கூடத்தைத் தெரியாதவர்கள்கூட இருக்கலாம், அவருடைய வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. மனசில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிடுவார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் தமிழ்வாணி டீச்சர் படக்கதை ஒன்றைக் காட்டிக் கேள்வி கேட்பாள். எது சரி, எது தப்பு என்று அவள் வாயே திறக்க மாட்டாள். பிள்ளைகள்தான் பேசிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அபாகஸ் சொல்லிக் கொடுத்தால் அட்மிஷன் கூடுமே என்பது முத்துப்பாண்டியின் எண்ணம்.

"ஒரே ஒரு தடவ வந்து பாருங்க சார். அப்புறம் நிறுத்துறதா இருந்தா நிறுத்திக்கிருங்க" என்று அவள் கெஞ்சியதால்தான் வந்திருக்கிறார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் புத்தகத்தை உயர்த்திக் காட்டினாள். கடையில் வாங்கியதில்லை, அவளே வரைந்து, அவளே தைத்தது.

"யானை பாட்டுப் பாடுச்சு. கேக்கவே சகிக்கல. பாடி முடிச்சுட்டு, 'எப்படி என் பாட்டு?'ன்னு ஆசையாக் கேட்டுச்சு. முயல் 'சூப்பர்'னு சொல்லிருச்சு. முயல் செஞ்சது சரியா, தப்பா?"

முத்துப்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இதுவா யானை? குட்டிக் காது, உருண்டை உடம்பு, தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் சப்பை மூக்கு. அச்சு அசல் பன்றி! வந்த சிரிப்பை மென்று விழுங்கினார்.

"தப்பு மிஸ்!" வகுப்பே கத்தியது.

"உண்மையச் சொல்லிருந்தா யானை அழுதிருக்குமே?"

"அழுதா அழட்டும் மிஸ். பொய் சொல்லவே கூடாது!" அதிலும் பெரிய சத்தம் முன்வரிசை ரோகிணியுடையது.

"யாராச்சும் வேற மாதிரி நினைக்கிறீங்களா?"

ஒரு கைகூட உயரவில்லை. டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. மற்ற வாரங்களில் ஒருத்தரை ஒருத்தர் பேசவிடாமல் மல்லுக்கட்டும் பிள்ளைகள், தாளாளரைப் பார்த்ததும் நல்ல பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

முத்துப்பாண்டி எழுந்து முன்னால் வந்தார்.

"பாத்தீங்களா டீச்சர்? பொய் சொல்லாதேன்னு செவத்துல எழுதிப் போட்டுருக்கேன். அதத்தேன் புள்ளைக அப்படியே ஒப்பிக்குதுக. சொந்தமா யோசிச்ச மாதிரி தெரியல. இதுக்கு எதுக்கு ஒரு பீரியடு?"

டீச்சருக்குக் கண் கலங்கியது. அதற்காக விட்டுவிடுகிற ஆளா அவர்?

"இன்னொன்னும் முகத்துக்கு நேராச் சொல்லிப்புடுறேன். நீங்க வரைஞ்ச இந்தப் படம் இருக்கே..."

யாரோ அவர் வேட்டியை வெடுக்கென்று இழுத்தார்கள். ரோகிணி! கீழே குனியும்படி கையைக் காட்டினாள். குனிந்தார்.

"சார், அது பன்னி மாதிரி இருக்குன்னு எங்களுக்கும் தெரியும்" என்று காதோடு கிசுகிசுத்தாள். "மிஸ் பாவம், கஷ்டப்பட்டு வரைஞ்சாங்க. நாங்க எல்லாரும் யோசிச்சு, பேசி வச்சுத்தான் யானைன்னு சொல்றோம். நீங்க போட்டுக் குடுத்துராதீங்க சார்."

முத்துப்பாண்டி நிமிர்ந்தார். அத்தனை பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படத்துக்கு என்ன சார்?" டீச்சர் பயந்துகொண்டே கேட்டாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யானை தத்ரூபமா இருக்கும்மா. அடுத்த வாரத்துக்கு ஒரு புலி வரைங்க."