எதிர்மூலை

தொழிற்சாலையிலிருந்து வளைத்துக் கொண்டுவந்த இரும்புத் தகடுகளைக் கூடத்தின் மேல் கூரையாகப் பூட்டி முடித்த அன்றே, இசக்கிராஜின் அண்ணன் பொன்னையா சிரித்தபடி எச்சரித்திருந்தார்: "இந்த வளைவுக்குக் கீழ ஒரு மூலையில முணுமுணுத்தா எதிர்மூலையில கேக்கும். பொண்டாட்டிகிட்ட ரகசியம் பேசிராதலே." புதுமனை புகுவிழாவன்று இசக்கிராஜ் அதை மறந்துபோனான். மேலதிகாரி வாசலில் செருப்பைக் கழற்றுவதைக் கண்டதும், மூலையில் நின்ற மனைவியின் காதருகே குனிந்து, "அண்ணன் யாருன்னு அவர் கேட்டா, கூரை வேலைக்கு வந்தவர்னு சொல்லிரு" என்றான். நிமிர்ந்தபோது, எதிர்மூலையில் நின்றிருந்த அண்ணன், விழாவுக்கென்று வாங்கிய சட்டையின் கைகளை மெல்ல மடித்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினார். வளைவின் வழியே அவர் குரல் தணிந்து இசக்கிராஜின் காதில் இறங்கியது: "ஏணிய எங்க வச்சிருக்கீங்க, சார்?"