இரண்டு தட்டு

"கோஷம்னா வாய்க்கு வந்ததைக் கத்துறது இல்ல சார். அதுக்கும் ஒரு பிறப்பு உண்டு" என்றார் பழைய சங்கத் தலைவர்.

தையல் ஆலையின் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே காவலாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஒன்றும் ஆசைப்பட்டு வரவில்லை. மகள் அந்த ஆலையில்தான் தைக்கிறாள். "உள்ளே ரகசியமா மறுபடி கோஷம் கிளம்புது. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்லிக் கொடுங்க, பொண்ணுக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா..." என்று அதிகாரி இழுத்த இழுப்பு அவரை இழுத்து வந்திருந்தது.

"எங்க காலத்துல பச்சைப் பிள்ளைக்காரி ஒருத்தி, குப்பைக்குப் போற வெட்டுத் துணியை எடுத்து இடுப்புல செருகினா. குழந்தையைச் சுத்துறதுக்கு. திருடின்னு பட்டம் கட்டித் துரத்துனாங்க. அன்னிக்கு வாசல்ல ஒருத்தர் கேட்டார், 'துணி யாருக்கு?' மொத்தக் கூட்டமும் சொல்லுச்சு, 'தைத்த கைக்கு!'"

"அப்ப முதலாளிக்கு நாமமா?" ஒரு காவலாளி சிரித்தான்.

"அவர் ஒரு பட்டன் காஜா கூடத் தைக்கலையே தம்பி."

"கதை போதும்" என்றார் அதிகாரி. "இப்ப யாரும் வாய்விட்டுக் கத்துறதில்ல. எப்படிப் பிடிக்கிறது?"

தலைவர் சற்றே யோசித்தார். "கேள்வி மனசுக்குள்ள. பதில் மட்டும் கத்தரியால. மேசை விளிம்புல ரெண்டு தட்டு. டக், டக்."

காவலாளிகள் பலமாகத் தலையாட்டினார்கள்.

தெருவுக்கு வந்ததும் தலைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கத்தரியாவது, தட்டாவது! அவர் காலத்தில் தொண்டை கிழியத்தான் பதில் சொன்னார்கள். மடையர்கள் இல்லாத சத்தத்தைத் தேடிக் காதைத் தீட்டிக்கொண்டு அலையட்டும். யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, மகள் வேலையும் பிழைத்தது.

மறுநாள் மத்தியானமே மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கப்பா. நான் கோஷம் போட்டேனாம். வாயே திறக்கல! 'உங்கப்பா சொன்ன அடையாளம்தாம்மா'ன்னு அந்த அதிகாரி சிரிக்கிறார். என்னப்பா சொன்னீங்க?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பதிலுக்குக் காத்திராமல் அவள் வீட்டுத் தையல் மெஷின் முன் உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தார் கொடுத்த துணி பாக்கி இருந்தது. நூலை வெட்டினாள். பிறகு, தினமும் சாயங்காலம் செய்வதுபோலவே, கத்தரியில் ஒட்டிய பிசிறு உதிர மேசை விளிம்பில் தட்டினாள்.

டக், டக்.