கரையடித் தண்ணீர்

எதையும் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற காலமாகிவிட்டது. திருத்தங்கலுக்குத் தெற்கே, படகு விடும் குளத்தின் மண்கரைக்குக் கீழே நிற்கிறேன். மூன்று நாள் மழையில் குளம் நிரம்பிக் கிடக்கிறது. கரையடியில் கசிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாகச் சுண்டுவிரல் தடிமனில் விழுகிறது. கரையைக் கண்காணிக்கும் அழகுமீனா அப்படியில்லை; அதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். உடனே மதகைத் திறந்து குளத்தை வடித்தாக வேண்டும். கரைக்கு நேர் கீழேதான் என் வீடு. “தெளிவா இருக்கு பெரியப்பா, பயப்படாதீக” என்கிறாள். பாட்டிலை வாங்கி ஒரு வாய் ஊற்றி, பல்லுக்கிடையில் மண் நறநறக்கிறதா என்று அரைத்துப் பார்க்கிறேன். “துப்புங்க, துப்புங்க. வயித்தால போனா பெரியம்மா என்னையத்தான் வைவாக.” நறநறக்கவில்லை. அதை அவளிடம் சொல்லாமல் துப்புகிறேன். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருக்கிறது அவளுக்கு. கரை நெடுகப் புல்லை விலக்கி, தண்ணீர் புகுந்து கரையை உடைக்கும் எலி வளை இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். தூக்குவாளி இன்னும் திறக்காமல் நிழலில் இருக்கிறது. “சாப்பிடலையா?” “இன்னொரு தடவ பிடிச்சுப் பாத்துட்டுச் சாப்பிடுதேன்.” “அப்ப ஒனக்கே நம்பிக்கையில்ல.” “நம்பிக்கையிருந்தா என்னைய எதுக்கு இங்கன போட்டிருக்காக?” சிரித்துக்கொண்டே பாட்டிலை மறுபடி குழாயடியில் வைக்கிறாள். “மொதல்ல சாப்பிடு தாயி” என்று சொல்லிவிட்டு நடக்கிறேன். கரை மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இன்றைக்கும் ஆடுகளை மேட்டில்தான் கட்டப் போகிறேன்.