கீழிருந்து வந்த வெளிச்சம்

"கறுப்பை அள்ளிக் கொட்டாதே கண்ணா! சமையல்ல உப்பு போடற மாதிரி, துளியூண்டு!"

ஓவிய ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள் கிண்ணம் கவிழ்ந்து மேஜை முழுக்க நீலம். துணியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மூன்றாம் வகுப்புக்கு அன்று ஒரே வண்ணம்தான். நீலத்தில் வெள்ளை கலந்தால் வெளிச்சம், கறுப்பு கலந்தால் நிழல். வீட்டில் இருக்கும் யாராவது ஒருவருடைய முகத்தை அதிலேயே வரைய வேண்டும்.

"யாரும் பேர் எழுதாதீங்க. யார் படம்னு தெரிஞ்சா எனக்குப் பாரபட்சம் வந்துடும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

துடைத்து நிமிர்ந்தபோது படங்கள் எல்லாம் கயிற்றில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

"அடேயப்பா! வெளிர் நீலம் எங்கே முடியுது, கருநீலம் எங்கே தொடங்குதுன்னே தெரியலையே! இதுக்குத்தான் முதல் பரிசு. நாளைக்குப் பள்ளிக்கூட வாசல்ல மாட்டிடலாம்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"ஆனா ஒரு சந்தேகம். தாடைக்கு அடியில வெளிச்சம், நெத்தியில இருட்டு. வெளிச்சம் கீழேருந்தா வரும்? பேய் மாதிரி இல்ல இருக்கு!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"டார்ச் லைட் மிஸ்!"

"அடுப்பு ஊதறாங்க மிஸ்!"

"போன் மிஸ்!" என்றான் கண்ணாடி போட்ட பையன் ஒருவன். "படுத்துக்கிட்டே போன் பார்த்தா எங்க அம்மாவும் இப்படித்தான் இருப்பாங்க."

ஆசிரியை இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அட, ஆமா! மூக்கு கத்திரிக்காய் மாதிரி இருந்தாலும் கண்ணு போனை விட்டு அசையல பாரு! பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து இவ்வளவு உத்துப் பார்த்திருக்கு. இந்த மகராசிக்குத் தலையைத் திருப்ப நேரமில்ல! யார் வீட்டு அம்மாவா இருந்தாலும் சரி, நாளைக்கே இங்கே வரச் சொல்லுங்க. நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கறேன்!"

கடைசி வரிசையில் ரெட்டைச்சடை ஒருத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"வரச் சொல்ல வேண்டாம் மிஸ். இங்கேதான் இருக்காங்க."

"இங்கேயா?"

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கிளாஸ்ல உங்களை அம்மான்னு கூப்பிட்டுக்கட்டுமா மிஸ்?"